வார்த்தைகள் திரும்பி வரும் வழி





பக்கவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் அநேகருக்கு நினைவுக்கு வருவது விழுந்துபோன கையும் காலும் கோணிப்போன வாயும்தான். ஆனால் பக்கவாதம் வந்தவர்களின் குடும்பத்தார் எங்களிடம் கண்ணீரோடு கேட்கும் கேள்வி பெரும்பாலும் கையைப்பற்றியோ காலைப்பற்றியோ அல்ல. "டாக்டர், நடக்காவிட்டாலும் பரவாயில்லை. அவர் மறுபடியும் பேசுவாரா? எங்களைத் தெரிகிறதா அவருக்கு?" என்பதுதான் அவர்கள் கேள்வி. நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்த கணவர் ஒரே இரவில் பேச்சற்றுப் போனால் அந்த வீட்டில் உண்டாகும் மௌனம் மிகவும் கொடியது.

இந்தக் கேள்விக்கு உண்மையான, நம்பிக்கை தரும் பதில் ஒன்று உண்டு. ஆனால் அது ஒற்றை வரியில் சொல்லக்கூடிய பதில் அல்ல. உங்கள் சபையில், உங்கள் தெருவில், ஏன் உங்கள் வீட்டிலேயேகூட இப்படிப்பட்ட ஒருவர் இருக்கலாம். அவரைச் சந்திக்கப் போகும்போது நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை எளிய முறையில் இங்கே விளக்க முயலுகிறோம்.

மூளையில் நடப்பது என்ன?

நம்முடைய மூளையின் எடை உடம்பின் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதனால் இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் மூளை தாங்காது. பக்கவாதம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது. மற்றவர்களுக்கு இரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிகிறது. பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், வைத்தியம் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாக 2006-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தையும், வலது பாதி இடது பக்கத்தையும் இயக்குகிறது. வலது கைப்பழக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும், இடது கைப்பழக்கம் உள்ளவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும், மொழியை ஆளும் பகுதிகள் முக்கியமாக மூளையின் இடது பாதியிலேயே இருக்கின்றன. ஆகவேதான் வலது கையும் வலது காலும் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போய்விடுவதை அடிக்கடி காண்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஆரம்ப நாட்களில் இவ்விதமான மொழி இழப்பு உண்டாகிறது. இதற்கு மருத்துவத்தில் அஃபேசியா என்று பெயர்.

இந்த உண்மையை உலகறியச் செய்தவர் பாரிஸ் நகரத்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் புரோக்கா. 1861-ல் அவரிடம் கொண்டுவரப்பட்ட லெபோர்ன் என்ற நோயாளியால் "டான்" என்ற ஒரே ஓசையைத்தான் சொல்ல முடிந்தது. மருத்துவமனையில் எல்லோரும் அவரை "டான்" என்றே அழைத்தார்கள். பிறர் சொன்னவற்றைப் பெரும்பாலும் அவர் புரிந்துகொண்டார். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்த புரோக்கா, இடது பாதியின் முன்பகுதியில் ஓர் இடம் சேதமடைந்திருப்பதைக் கண்டார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1874-ல், 26 வயதே ஆன கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் வேறொரு வகையை விவரித்தார். அவருடைய நோயாளிகள் தடையின்றிப் பேசினார்கள். ஆனால் பேச்சில் அர்த்தம் இல்லை. பிறர் சொல்வதும் அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களுக்குச் சேதமடைந்திருந்தது இடது பாதியில், காதுக்கு மேலே சற்றுப் பின்புறமாக உள்ள பகுதி.

இன்றும் இந்த இரண்டு விதமான நோயாளிகளையும் எந்த மருத்துவமனையிலும் காணலாம். முதல் வகையினர், "மகன்... பஸ்... நாளை..." என்று ஒவ்வொரு சொல்லையும் மலையைத் தூக்குவதுபோல் தூக்கி வைக்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், சொல் வருவதில்லை. இரண்டாம் வகையினர் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் "கதவைச் சாப்பிட்டு மழையை மேலே வைத்தேன்" என்பதுபோல் வருகிறது. தாம் தவறாகப் பேசுகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் பல வகைகளும், இரண்டும் கலந்த கடுமையான நிலையும் உண்டு. மொழிப் பகுதிகள் ஒன்றிரண்டு இடங்கள் மட்டுமல்ல, அவற்றை இணைக்கும் நரம்புப் பாதைகளும் சேர்ந்த ஒரு பெரிய வலை என்று இன்று அறிந்திருக்கிறோம்.

அறிவு போய்விடவில்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும் என்று விரும்புகிறோம். அஃபேசியா உள்ளவர் பைத்தியம் பிடித்தவர் அல்ல. அவர் குழந்தையாகிவிடவும் இல்லை. அவருக்குக் காதும் கேட்கிறது. மனைவி யார், பிள்ளைகள் யார், வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் அவருக்குத் தெரியும். அவற்றை வெளியே கொண்டுவரும் பாதைதான் அறுந்திருக்கிறது.

ஆங்கில மொழிக்கு 1755-ல் புகழ்பெற்ற அகராதி ஒன்றை உருவாக்கிய சாமுவேல் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 40,000-க்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்து விளக்கம் எழுதிய அந்த மனிதர், 1783 ஜூன் 17-ஆம் தேதி அதிகாலையில் லண்டனில் தம் வீட்டில் விழித்தபோது ஒரு சொல்லும் பேச முடியாதவராய் இருந்தார். அப்போது அவருக்கு வயது 73. தம் புத்தியாவது தப்பவேண்டும் என்று ஜெபித்த அவர், புத்தி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அந்த ஜெபத்தை லத்தீன் செய்யுளாக மனதிற்குள்ளேயே இயற்றிப் பார்த்தார். செய்யுள் அவ்வளவு நன்றாக அமையவில்லை. ஆனால் அது நன்றாக இல்லை என்று தமக்கே தெரிந்ததால் புத்தி பழுதுபடவில்லை என்று தெளிந்தார்! பிறகு அண்டை வீட்டாருக்குக் கடிதம் எழுதினார். கை அவரையறியாமல் தவறான எழுத்துக்களை எழுதியது. ஓரிரு நாட்களில் பேச்சு மெல்லத் திரும்பியபோது, கர்த்தருடைய ஜெபத்தை ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது என்று நண்பருக்கு எழுதினார். அதன்பின் ஒன்றரை வருஷம், 1784 டிசம்பர் வரை அவர் உயிரோடிருந்தார்.

பிரான்ஸ் தேசத்தில் மோன்பெல்லியே நகர மருத்துவப் பேராசிரியர் ஜாக் லோர்தா என்பவருக்கும் 1825-ல் இதே நிலை நேரிட்டது. குணமடைந்த பிறகு, 1843-ல் தம் அனுபவத்தை அவர் வெளியிட்டார். பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை கூறும் துதியைத் தியானிக்க விரும்பியபோது, அதன் கருத்து முழுவதும் உள்ளத்தில் இருந்தது, ஆனால் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை என்று அவர் விவரித்தார். வாசிக்கும் திறனையும் இழந்திருந்த அவர், ஒரு நாள் தம் நூலகத்தில் பெரிய புத்தகம் ஒன்றின் முதுகில் இருந்த ஹிப்பாக்கரட்டீஸின் பெயரைத் தம்மால் வாசிக்க முடிவதைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

வாய் திறக்காதவரின் உள்ளத்தில் ஜெபம் இல்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இவ்விரு மனிதரும் சாட்சிகள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பேச முடியாதவர் என்றால் எழுதிக் காட்டட்டும் என்று அநேகர் காகிதத்தையும் பேனாவையும் கொடுக்கிறார்கள். சகரியா எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கித் தன் குழந்தையின் பெயரை எழுதியது நாம் அறிந்ததுதான். ஆனால் அஃபேசியா நாவை மட்டும் கட்டும் வியாதி அல்ல. மொழியையே தாக்கும் வியாதி. ஆகவே பேச்சோடு எழுத்தும் வாசிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே குறைகின்றன. எழுதத் தெரியவில்லை என்பதை வைத்து "எல்லாம் மறந்துபோயிற்று" என்று தீர்மானிப்பது அநியாயம். இப்படித் தீர்மானித்து, குடும்ப ஆலோசனைகளிலிருந்து தகப்பனை விலக்கி, அவரைக் கேளாமலே நிலம் வீடுகளைப்பற்றி முடிவெடுப்பதும் நடக்கிறது. அவர் எல்லாவற்றையும் கண்டுகொண்டு படுத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பேச்சு எப்படித் திரும்புகிறது?

செத்துப்போன நரம்பு செல்கள் மறுபடி உயிர்பெறுவதில்லை. அப்படியானால் பேச்சு திரும்புவது எப்படி? மூன்று விதமான காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும், ஓரளவு சேர்ந்தும் நடக்கின்றன.

முதலாவது, சாகாதவை எழும்புகின்றன. அடைப்பு ஏற்பட்ட இடத்தின் நடுவில் உள்ள செல்கள் சீக்கிரமே இறந்துவிடுகின்றன. ஆனால் அதைச் சுற்றியுள்ள செல்கள், தண்ணீர் குறைந்த வயலில் வாடி நிற்கும் பயிரைப்போல, வேலை செய்யாமலும் சாகாமலும் சில மணி நேரம் நிற்கின்றன. அதற்குள் இரத்த ஓட்டம் திரும்பினால் அவை பிழைத்துக்கொள்ளும். சில நோயாளிகள் முதல் ஓரிரு நாட்களிலேயே பேசத் தொடங்குவதற்கு இதுவே காரணம். சேதமடைந்த இடத்தைச் சுற்றியுள்ள வீக்கம் வற்றும்போதும் இதே நன்மை உண்டாகிறது.

இரண்டாவது, திகைத்து நின்றவை தெளிகின்றன. மூளையின் ஒரு பகுதி சேதமடைந்தால், அதோடு நரம்புகளால் இணைக்கப்பட்ட தூரத்துப் பகுதிகளும், தாங்கள் சேதமடையாமல் இருந்தும், வேலையை நிறுத்திவிடுகின்றன. ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் விபத்து நேர்ந்தால் அந்த வழியிலுள்ள சிறிய நிலையங்களிலும் ரயில் நின்றுவிடுவதுபோல என்று சொல்லலாம். சூரிச் நகரில் பணியாற்றிய ஃபான் மொனாக்கோ என்ற மருத்துவர் 1914-ல் இதை விவரித்தார். நாட்களும் வாரங்களும் செல்லும்போது இந்தப் பகுதிகள் மெல்ல மெல்லத் தங்கள் வேலையைத் தொடங்குகின்றன.

மூன்றாவது, புதிய பாதைகள் உண்டாகின்றன. மூளை வளர்ந்தபின் மாறாது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். அது உண்மையல்ல. பிழைத்த நரம்பு செல்கள் புதிய கிளைகளை விடுகின்றன. பழைய இணைப்புகளில் திரும்பத் திரும்பப் பயன்படுபவை பலப்படுகின்றன, பயன்படாதவை பலவீனமடைகின்றன. மெயின் ரோடு உடைந்துபோனால் கிராமத்து வண்டிப்பாதை வழியாகப் பஸ் விடுவதில்லையா? முதலில் மெதுவாகவும் குலுங்கியும்தான் போகும். போகப்போகப் பாதை அகலமாகும். இந்த மாற்றம் மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் நடக்கிறது. பயிற்சியின் பலன் அதிகமாகக் காணப்படுவது இங்கேதான்.

இந்த வேலையில் மூளையின் வலது பாதிக்குப் பங்கு உண்டா? 1877-ல் தாமஸ் பார்லோ என்ற ஆங்கில மருத்துவர், இருதய நோயுள்ள பத்து வயதுச் சிறுவன் ஒருவனைப்பற்றி எழுதினார். இடது மூளை தாக்கப்பட்டு அவன் பேச்சை இழந்தான்; சில நாட்களிலேயே பேச்சு திரும்பியது. சில மாதங்களுக்குப் பின் வலது மூளையிலும் அதே போன்ற இடம் தாக்கப்பட்டது. மறுபடியும் பேச்சு போயிற்று. முதல் தடவை இடது பாதி இழந்த வேலையை வலது பாதி ஏற்றுக்கொண்டதோ என்று அப்போதே யோசித்தார்கள்.

இப்போது உயிரோடிருப்பவர்களின் மூளை வேலை செய்வதையே ஸ்கேன் மூலம் காண முடிகிறது. ஜெர்மனியில் 14 நோயாளிகளைத் தொடர்ந்து பரிசோதித்து 2006-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி மிகவும் பயனுள்ளது. முதல் சில நாட்களில் இடது பாதியின் மொழிப் பகுதிகளில் எஞ்சியவை மங்கிக் கிடந்தன. சுமார் இரண்டு வாரத்தில் இரு பக்கங்களும், விசேஷமாக வலது பாதி, மிகுந்த வேகத்தோடு வேலை செய்தன. ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனபோது, வேலை பெரும்பாலும் மீண்டும் இடது பாதிக்கே வந்திருந்தது. அதாவது, வீட்டுக்காரர் வியாதியாய்க் கிடக்கும்போது அண்டை வீட்டார் வந்து தாங்குவதுபோல வலது பாதி தாங்குகிறது. வீட்டுக்காரர் எழுந்ததும் பொறுப்பை அவரிடம் விடுகிறது. இடது பாதியில் சேதம் மிகப் பெரிதாக இருந்தால் வலது பாதியே தொடர்ந்து சுமக்க வேண்டியிருக்கிறது.

பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை!

இதைக் கண்டு ஆச்சரியப்படாத குடும்பமே இல்லை. "தண்ணீர்" என்று சொல்ல முடியாதவர், சிறு வயது முதல் பாடிய கீர்த்தனையை மற்றவர்கள் தொடங்கியதும் வார்த்தைகளோடு சேர்ந்து பாடிவிடுகிறார்! இது புதிய செய்தி அல்ல. 1745-ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் தேசத்தில் ஓலோஃப் டாலின் என்பவர் இப்படிப்பட்ட ஒரு மனிதனைப்பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். வலது பக்கம் விழுந்து பேச்சையும் இழந்த அந்த மனிதன், வியாதிக்கு முன் கற்றிருந்த ஞானப்பாட்டுகளைப் பிறர் தொடங்கி வைத்தால் தெளிவாகப் பாடினான்; மனப்பாடமான ஜெபங்களையும் தாளத்தோடு சொன்னான்.

இதற்குக் காரணம் உண்டு. நாமாக யோசித்து ஒரு வாக்கியத்தை அமைப்பது வேறு. நெடுநாள் பழக்கத்தால் தானாக வருவது வேறு. ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது, கிழமைகளின் பெயர்கள், "ஐயோ", "அம்மா", "ஆண்டவரே" போன்ற சொற்கள், மனப்பாடப் பகுதிகள், பாட்டுகள் ஆகியவை முழு மொழி வலையையும் நம்பியிருப்பதில்லை. ராகத்தைக் கையாளுவதில் மூளையின் வலது பாதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சில சமயம் இதே காரணத்தால் வசைச்சொற்களும் வெளிவந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதும் கெட்ட வார்த்தை பேசாத பெரியவர் வாயிலிருந்து, வேறெந்தச் சொல்லும் வராத நேரத்தில், அப்படி ஒன்று வரும்போது குடும்பத்தார் வெட்கத்தால் தலைகுனிகிறார்கள். போதகரையும் உறவினரையும் வீட்டுக்கு அழைக்கத் தயங்குகிறார்கள். அன்பானவர்களே, இது அந்தப் பெரியவருடைய இருதயத்திலிருந்து வருவதல்ல. காயப்பட்ட மூளையிலிருந்து தானாக வழுவி விழுவது. இதைக் கேட்கிற நாம் கேளாதவர்போல் இருந்து அவர்களுடைய வெட்கத்தை நீக்கவேண்டும்.

பாட்டிலிருந்து பேச்சுக்குப் பாலம் கட்டும் பயிற்சி ஒன்றை 1973-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். "தண்ணீர் வேணும்" போன்ற சிறு வாக்கியத்தை ஏற்ற இறக்கமான ராகத்தில், ஒவ்வொரு அசைக்கும் இடது கையைத் தட்டிக்கொண்டு, பயிற்சியாளரும் நோயாளியும் சேர்ந்து பாடுகிறார்கள். பின்பு பயிற்சியாளர் குரலைக் குறைக்கிறார். பின்பு ராகத்தையும் சிறிது சிறிதாகக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருகிறார்கள். சொல்வது விளங்கி, ஆனால் பேச முடியாதிருப்பவர்களுக்கு இது முக்கியமாக உதவுகிறது. ராகம் மட்டுமல்ல, தாளமும் பழகின சொற்றொடர்களும் இதில் பங்கெடுக்கின்றன என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டுகளைப் பாடிக்கொண்டிருப்பதனால் மட்டும் பேச்சு வந்துவிடாது. பாட்டு மனதைத் தேற்றும், தைரியம் தரும்; பேச்சுக்கு முறையான பயிற்சியும் தேவை.

இரண்டு மொழி அறிந்தவர்கள்

நம்மில் அநேகர் இரண்டு மூன்று மொழிகள் அறிந்தவர்கள். பக்கவாதத்துக்குப் பின் எந்த மொழி முதலில் திரும்பும்? பெரும்பாலோருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் திரும்புகின்றன. சிலருக்குத் தாய்மொழி முந்துகிறது. சிலருக்கு, பிரெஞ்சு மருத்துவர் பித்ர் 1895-ல் கவனித்ததுபோல, வியாதிக்கு முன் தினமும் அதிகமாகப் புழங்கிய மொழி முந்துகிறது. ஆகவே ஆங்கிலத்தில் வேலை பார்த்த பெரியவருக்கு ஓர் ஆங்கிலச் சொல் முதலில் வந்தால், அதைத் தடுக்க வேண்டாம்.

ஹைதராபாத் நகரில் பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கே சிந்தனைத் திறன் குறையாமல் இருந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி அறிந்தவர்களில் அது சுமார் 40 சதவீதமாக இருந்தது. எனினும் அஃபேசியா வருவதை இரு மொழி அறிவு குறைக்கவில்லை.

பயிற்சி என்றால் என்ன?

ஆரம்பத்தில் பயிற்சியாளர் நோயாளியின் முன் ஒரு டம்ளரையோ சாவியையோ சீப்பையோ வைத்து, "இது என்ன?" என்று கேட்கிறார். சொல் வராவிட்டால் உடனே விடையைச் சொல்லிவிடுவதில்லை. "பூட்டைத் திறப்பது" என்கிறார். அதற்கும் வராவிட்டால் "சா..." என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கிறார். "சாவி!" என்று நோயாளி சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் பிரகாசத்தைக் காண வேண்டும். பிறகு சொல்லிலிருந்து வாக்கியத்துக்கும், வாக்கியத்திலிருந்து உரையாடலுக்கும் போகிறார்கள். பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ளவும், வாசிக்கவும், எழுதவும் தனித்தனிப் பயிற்சிகள் உண்டு.

மிகுந்த முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் காணப்படுகிறது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, "ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி வராது" என்று அநேகர் கைவிட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. ஜெர்மனியில் பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 156 நோயாளிகளை வைத்து நடத்திய பரிசோதனை 2017-ல் வெளியானது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரங்களாவது பயிற்சி பெற்றவர்களுடைய அன்றாடப் பேச்சு தெளிவாக முன்னேறியது. பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் ஏற்படவில்லை.

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒரு மனிதர், எதிரே உட்கார்ந்து, மணிக்கணக்காகப் பொறுமையோடு நேரம் கொடுப்பதுதான் வேண்டியது. நம் கிராமங்களில் அரிதாகக் கிடைப்பதும் அதுதான். ஊருக்குத் திரும்பிய நோயாளியிடம் தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச ஒருவர் இருந்தால், மருத்துவமனையில் தொடங்கிய வேலை அங்கே தொடரும்.

நீங்கள் செய்யக்கூடியவை

அப்படிப்பட்டவரின் வீட்டுக்குப் போகும்போது இவற்றை நினைவில் கொள்ளுங்கள்:

1. டி.வி.யையும் ரேடியோவையும் நிறுத்துங்கள். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள்.

2. அவருக்கு எதிரே, முகம் தெரியும்படி உட்கார்ந்து, சிறு வாக்கியங்களில் மெதுவாகப் பேசுங்கள். உரத்த குரல் வேண்டாம். அவர் செவிடர் அல்ல. குழந்தையிடம் பேசுவதுபோலவும் பேசவேண்டாம்.

3. கேள்வி கேட்டபின் காத்திருங்கள். மனதிற்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். அவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்காதீர்கள்.

4. "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பதைவிட "காபியா, கஞ்சியா?" என்று கேட்பது எளிது. பொருளைக் காட்டிக் கேளுங்கள்.

5. "ஆமாம்" என்பதற்குப் பதில் "இல்லை" என்றும், "மனைவி" என்பதற்குப் பதில் "மகள்" என்றும் வாய் தவறி வரக்கூடும். முகத்தையும் தலையசைப்பையும் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

6. சைகை, படம், காலண்டர், குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். சைகையைப் பழகினால் பேச்சு வராது என்பது தவறான எண்ணம்.

7. அவர் எதிரில் அவரைப்பற்றி மூன்றாம் மனிதரைப்போல் பேசாதீர்கள்.

8. ஜெபிக்கும்போதும் பாடும்போதும் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பழக்கமான பாட்டைத் தெரிந்தெடுங்கள். வாய் அசையாவிட்டாலும் அவர் அதில் பங்குபெறுகிறார்.

9. அழுதால் அழவிடுங்கள். மனச்சோர்வு இவர்களுக்கு மிகவும் சாதாரணமாக வருகிறது. அது தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு.

நேரம் தவறாதிருங்கள்

திடீரென்று முகம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, பக்கவாதம் என்று எண்ணி உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தைத் தகுதியானவர்களுக்கு முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். எவ்வளவு முன்னதாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைப்பில் கட்டியைக் கருவி மூலம் வெளியே எடுக்கும் சிகிச்சையும் உண்டு. தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்ய முடிகிறது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், காலையில் போவோம் என்று காத்திருந்த நேரத்தில் இழந்ததை எந்தப் பயிற்சியாலும் முழுவதும் திரும்பப் பெற முடியாது. வாயில் காபியோ தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடலாம். பேச்சு சில நிமிடம் போய்த் தானே திரும்பிவிட்டாலும் அலட்சியம் வேண்டாம். அது பெரிய தாக்குதலுக்கு முன்வரும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். பீடி சிகரெட்டை விட்டுவிடுங்கள். இருதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பவர்கள் மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தாதிருங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை

எல்லோருக்கும் பேச்சு முழுவதும் திரும்புகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. சேதம் எவ்வளவு பெரியது, எந்த இடத்தில், முதல் நாட்களில் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைப் பொறுத்தே பலன் இருக்கிறது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் குறை இருந்துவிடுகிறது. ஸ்வீடன் தேசத்துக் கவிஞர் தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-ல் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. பேச்சு மிகக் குறைவாகவே திரும்பியது. ஆனாலும் அவர் தொடர்ந்து கவிதை எழுதினார். இடது கையால் பியானோ வாசித்தார். 2011-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2015-ல் அவர் மறைந்தார். அவர் சொல்ல முயன்றதைப் பொறுமையோடு புரிந்துகொண்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவருடைய மனைவி.

பேச்சு திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், இப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம்! உங்கள் சபையில் பேச்சிழந்து வீட்டில் இருக்கும் ஒருவருடைய பெயர் இதை வாசிக்கையில் உங்கள் நினைவுக்கு வந்திருக்கலாம். இந்த வாரத்தில் ஒரு நாள் அவரைப் போய்ப் பாருங்கள். அவசரமில்லாமல் உட்காருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். பத்து எண்ணும்வரை காத்திருங்கள்.